வெளியேறியவரை உள்ளே அழைக்கும் ஆட்டம்

2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெறவுள்ள ஒலிம்பிக் போட்டியில், 128 ஆண்டுகளுக்குப் பிறகு கிரிக்கெட் திரும்புகிறது என்ற செய்தி நம்மிடையே பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஒலிம்பிக்கில், 120 ஆண்டுகளுக்குப் பிறகு பதக்கத்துக்கான ஆட்டமாகத் திரும்பும் இன்னொரு விளையாட்டு நம்மில் பலரின் கண்ணில் படவே இல்லை. அதன் பெயர் லாக்ரோஸ்.

நீண்ட கழியின் முனையில் வலைப்பை கட்டிய மட்டை. கெட்டியான சிறு ரப்பர் பந்து. வலைப்பையில் பந்தை ஏந்தி ஓடியும், தோழருக்கு வீசியும், எதிரணியின் வலைக்குள் எறிந்தும் ஆடப்படும் ஆட்டம் இது. வட அமெரிக்காவின் பூர்வகுடிகளுள், ஆறு இனங்களின் கூட்டமைப்பான ஹோடினோஷோனி மக்கள் இதனைப் படைத்தவனுக்கு உகந்த ஆட்டமாகவும், நோய் தீர்க்கும் ஆட்டமாகவும் போற்றினர். ஊரே திரண்டு ஆடிய அந்த ஆட்டத்துக்கு 1867-இல் மாண்ட்ரியால் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பீர்ஸ் எழுத்து வடிவில் விதிகளை வகுத்தார். 1904, 1908 ஒலிம்பிக் போட்டிகளில் பதக்க ஆட்டமாக இருந்த அது, பின்னர் காட்சி ஆட்டமாக மூன்று முறை தலைகாட்டியதோடு சரி.

திருப்பூர் வட்டாரத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும் நான், லாக்ரோஸ் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆயினும் அந்த ஆட்டத்தின் இரண்டு வழக்கங்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. ஒன்று, கோல் அடித்தவரின் பெயரோடு, அதற்கு வழிசெய்து பந்தைக் கொடுத்தவரின் பெயரும், யாருக்கும் சொந்தமில்லாமல் தரையில் உருளும் பந்தை ஓடிச் சென்று அள்ளியவரின் கணக்கும் தனித்தனியே பதிவாகின்றன. மற்றொன்று, பத்துப் பேர் ஆடும் ஆண்கள் ஆட்டத்தில், வலையை நோக்கி எறிந்த பந்து குறி தவறி எல்லைக் கோட்டைக் கடந்தால், அந்த நொடியில் பந்துக்கு மிக அருகில் நிற்பவரின் அணிக்கே பந்து கிடைக்கிறது. குறி தவறியதே என்று நின்றுவிடாமல் ஓடியவருக்குப் பலன் உண்டு. முயற்சியை வெறும் அறிவுரையாகச் சொல்லாமல் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கபடியில் ஒளிந்திருக்கும் அறம்: நமது கபடியிலும் இதற்கு நிகரான, இன்னும் ஆழமான ஒரு விதி உண்டு. பழகிப்போனதால் நாம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. களத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். பாடிச் செல்பவர் எதிரணியினர் ஒருவரைத் தொட்டுத் திரும்பினால், தொடப்பட்டவர் வெளியேற வேண்டும். வெளியேறியவர் தம் திறமையால் மீண்டும் உள்ளே வர முடியாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராயினும் கோட்டுக்கு வெளியே அமர்ந்து காத்திருக்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் தோழர் ஒருவர் எதிரணியினரைத் தொட்டுவிட்டு வந்தாலோ, பாடி வந்தவரைக் களத்தில் இருப்போர் பிடித்தாலோதான் அவருக்கு மறுவாழ்வு. அதுவும் வெளியேறிய வரிசைப்படி. நட்சத்திர ஆட்டக்காரர் மூன்றாவதாக வெளியேறியிருந்தால், முதலில் வெளியேறிய புதுப் பையனே முதலில் உள்ளே வருவான்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது, போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் பதித்துத் திரும்பினால் ஒரு புள்ளி கிடைக்கும். அணியின் கணக்கில் அது ஏறும். ஆனால், அந்தப் புள்ளியால் வெளியே இருக்கும் தோழர் எவரும் உள்ளே வருவதில்லை. யாரையும் தொடாமல் ஈட்டிய புள்ளி யாரையும் மீட்பதில்லை என்பதை வகுப்பறையில் சொல்லிப் புரியவைப்பது கடினம். களத்தில் ஒரே மாலையில் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

பிடிக்கும் பக்கமும் அப்படித்தான். மூலையில் நிற்பவரும் அவருக்கு அடுத்தவரும் கைகோத்து நிற்பதைச் சங்கிலி என்போம். பாடி வருபவரின் காலை முதலில் பற்றுபவர் தம் உடலைப் பணயம் வைக்கிறார். அடுத்தவர் அரை நொடி தாமதித்தால், பற்றியவரும் அவரோடு தொடுதலுக்குள்ளான மற்றவர்களும் வெளியேற நேரும். முதலில் பாய்ந்தவரின் துணிச்சல் வெற்றியாவதும் வீணாவதும் இரண்டாமவரின் கையில் இருக்கிறது. ஆனால், பிடி வெற்றி பெற்றால் முதலில் பாய்ந்தவர் பெயரே பெரும்பாலும் பதிவேட்டில் ஏறுகிறது. இரண்டாவதாக வந்து தாங்கியவரைக் கூட்டம் கவனிப்பதில்லை.

கயிறு இழுத்தவர்கள் சொன்னது: கூட்டாக உழைக்கும்போது உழைப்பு பெருகும் என்று நாம் இயல்பாக நம்புகிறோம். ஆய்வு சொல்வது வேறு. மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைத் தனித்தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கச் செய்து அளந்த முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, நான்கு பேர் தனித்தனியே இழுத்தால் கிடைக்கும் விசைகூட முழுமையாகக் கிடைக்கவில்லை.

ஒரே கணத்தில் எல்லாரும் இழுக்காததால் வரும் ஒருங்கிணைவுக் குறை இதற்கு ஒரு காரணம். மற்றவர் இழுக்கிறாரே என்ற எண்ணத்தில் நம்மையறியாமல் கை தளர்வது இன்னொன்று. 1970-களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் பிப் லாட்டனேயும் அவருடைய சகாக்களும், மாணவர்களைக் கைதட்டவும் கூவவும் சொல்லி இதையே வேறு வகையில் உறுதிசெய்தனர். அவர்களது அடுத்த கட்ட ஆய்வு முக்கியமானது. ஒவ்வொருவரின் பங்கும் தனியே தெரியும் என்ற நிலை வந்ததும் அந்தத் தளர்ச்சி மறைந்தது. சோம்பலைவிட, தம் உழைப்பு எவர் கண்ணிலும் படாது என்ற எண்ணமே கையைத் தளர்த்துகிறது என்பது இதிலிருந்து புலனாகிறது. தரையில் உருளும் பந்தை அள்ளியவரையும் லாக்ரோஸ் எண்ணிக்கையில் சேர்ப்பதன் பயன் இதுவே.

இதைப் படித்த பிறகு என் பயிற்சிக் குறிப்பேட்டில் மூன்று பத்திகளைச் சேர்த்தேன். பிடியில் இரண்டாவதாக வந்து தாங்கியவர் யார்? தோழர் நகர்ந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சொல்லாமலே நிரப்பியவர் யார்? தாம் வெளியேறிய பிறகும் கோட்டுக்கு வெளியிலிருந்து எச்சரித்துக்கொண்டே இருந்தவர் யார்? வார இறுதியில் புள்ளிகளை வாசிப்பதற்கு முன் இந்தப் பெயர்களை வாசிக்கிறேன். பெரிய உளவியல் முறை ஏதும் இதில் இல்லை. ஆனால், ஒருபோதும் பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகள் அந்தப் பட்டியலுக்காகக் காத்திருப்பதைக் காண்கிறேன்.

உழைப்பின் ஊர்: திருப்பூருக்கு உழைப்பைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்த ஊர், தன் வரலாற்றை உழைப்பு என்ற ஒரே சொல்லால் சொல்லிக்கொள்ளும். தோட்டத்தில் பாடுபட்டுப் பின் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கூட்டாளிகளோடு நாலைந்து இயந்திரங்களைப் போட்டு, முதலாளியானவர்களின் கதை இங்கே தெருவுக்குத் தெரு கேட்கும். இந்தக் கதையை ஆராய்ந்த சரத் சாரி என்ற அறிஞர், 2004-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலுக்கு 'சகோதர மூலதனம்' என்ற பொருள்படும் தலைப்பை இட்டார். தனி மனித உழைப்பு எவ்வளவு உண்மையோ, உறவும் ஊரும் சாதியும் சேர்ந்த கூட்டாளித்தனமும் அவ்வளவு உண்மை என்பது அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. அதே கூட்டாளித்தனத்துக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உழைப்பைப் போற்றும் ஊரில் யாருடைய உழைப்பு கணக்கில் ஏறுகிறது என்ற கேள்வியை அந்த நாள்கள் எழுப்பின.

ஒரு பனியனின் பயணத்தைப் பாருங்கள். நூல் நிட்டிங்கில் துணியாகி, சாய ஆலையில் நிறமேறி, காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் மேசைக்கு வருகிறது. பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று வெளியே சென்று திரும்புகிறது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று இயந்திரங்கள் மாறி மாறித் தைக்கின்றன. பிறகு கைமடித்தல், செக்கிங், அயர்ன், பேக்கிங். பல நிறுவனங்கள், பல பத்துக் கைகள். எங்கேனும் ஓரிடத்தில் ஒரு நாள் தாமதமானால் கப்பல் தவறிவிடும். கடைசியில் இருப்பவர் இரவெல்லாம் விழித்து அந்த நாளை ஈடுகட்ட வேண்டியிருக்கும். கபடியில் பிடி தாமதமானால் முன்னால் பாய்ந்தவர் அடிபடுகிறார். இங்கே பின்னால் நிற்பவர் அடிபடுகிறார்.

சங்கிலி அறுந்தால் என்னவாகும் என்பதை இந்த ஊர் 2011-இல் கண்டது. சாயக்கழிவு நொய்யலில் கலந்து, 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசன நீருக்குப் பதிலாகச் சாய நீரைத் தேக்கி நின்றது. கீழ்ப்பகுதி உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு முழுமையாக நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28-இல் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. விதியை மீறியவரும் மீறாதவரும் ஒன்றாகவே வெளியே அமர்ந்தனர்.

அதிலிருந்து மீண்டதும் தனி ஆளாக அல்ல. சிறு சாய ஆலை ஒன்று, உப்பைப் பிரித்தெடுத்து நீரை மீண்டும் பயன்படுத்தும் இயந்திரங்களைத் தன் செலவில் நிறுவ முடியாது. பல ஆலைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் வழியாக, அரசின் வட்டியில்லாக் கடனுதவியோடு, கட்டம் கட்டமாக ஆலைகள் திரும்ப இயங்கத் தொடங்கின. இன்று திருப்பூர் தன் சாயத் தொழிலின் நீர் மறுசுழற்சியைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அந்தப் பெருமை, வழக்காடிய உழவருக்கும் சேர்த்தே உரியது. எதிரணி இல்லாமல் எந்த அணியும் தன் தவற்றை அறிவதில்லை.

களம் இழக்கும் பிள்ளைகள்: உலகின் பல நாட்டு விளையாட்டு வீரர்களுக்கும் ரசிகர்களுக்கும் சட்டை தைத்துக்கொடுக்கும் ஊர் இது. அந்தச் சட்டையைத் தைப்பவர்களின் பிள்ளைகள் ஆடுவதற்கு இடம் தேடுகிறார்கள். இடம் கிடைத்தால் நேரம் கிடைப்பதில்லை. பெற்றோர் இருவரும் ஒன்றரை ஷிப்ட் வேலைக்குச் சென்றால், மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினாறு, பதினேழு வயதில் நன்றாகப் பாடத் தொடங்கும் பையன், பள்ளி முடிந்ததும் கம்பெனிக்குப் போய்விடுகிறான். வாரச் சம்பளம் வீட்டுக்குத் தேவை. கபடி எப்போது சோறு போடும் என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான விடை இல்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஆர்டர் குறைந்ததைப் பற்றி வணிகப் பக்கங்கள் விரிவாக எழுதின. எங்கள் களத்தில் அது வேறு விதமாகத் தெரிந்தது. ஓவர்டைம் குறைந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றனர். அவர்களில் சங்கிலியின் ஒரு கையாக நின்ற பையனும் ஒருவன். அவனுக்கு இணையாக நின்றவன், ஒடிசாவிலிருந்து பெற்றோரோடு வந்து இங்கேயே பள்ளியில் சேர்ந்தவன். இருவருக்கும் பொதுமொழி அரைகுறைதான். கோத்த கையை ஒருமுறை அழுத்தினால் 'நில்', இருமுறை அழுத்தினால் 'பாய்' என்று தமக்குள் ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டவர்கள். ஒருவன் போன பிறகு மற்றவன் பல நாள்கள் வேறெவரோடும் கைகோக்க மறுத்தான். பல்லாயிரம் வெளிமாநிலக் குடும்பங்கள் வாழும் ஊரில் அப்படி ஒரு பிணைப்பு அறுந்துபோவதை எந்த ஏற்றுமதிக் கணக்கும் காட்டாது.

வழி காட்டியவர்கள்: இதற்கெல்லாம் வழியே இல்லையா என்றால், உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியச் சிறுமியர் கபடி அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று வென்றது. அதன் துணைத் தலைவி கார்த்திகா, சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரைச் சேர்ந்தவர். தங்கம் வென்ற சிறுவர் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் இடம்பெற்றிருந்தார். தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து புறப்பட்டு, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்ற கணேசனின் பாதையும் இத்தகையதே. வசதியான மைதானங்களிலிருந்து இவர்கள் வரவில்லை. பிள்ளைகள் நின்றுவிடாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்ட பயிற்சியாளர்களும், மாலையில் கூடும் ஓர் அணியும் இவர்களுக்கு இருந்தன.

திறமை நம்மிடமே இருக்கிறது என்ற செருக்கும் ஆபத்தானது. 1990 முதல் ஆசிய விளையாட்டுக் கபடியில் தோல்வியே அறியாதிருந்த இந்தியா, 2018 ஜகார்த்தாவில் ஆடவர், மகளிர் இரு தங்கங்களையும் ஈரானிடம் இழந்தது. மகளிர் இறுதியில் நம்மை வென்ற ஈரான் அணியைப் பயிற்றுவித்தவர், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். நமது பயிற்சியாளரின் அருமையை வேறொரு நாடு அறிந்து பயன்படுத்திக்கொண்டது. ஹாங்ஜோவில் 2023-இல் நடந்த அடுத்த ஆசிய விளையாட்டில் இரு தங்கங்களும் திரும்பின. ஆனால், மகளிர் இறுதியில் சீன தைபே அணியை வென்றது 26-25 என்ற ஒரே புள்ளியில்தான்.

செய்யக்கூடியவை: தமிழகத்தில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன, அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இவை சிறந்தவர்களுக்கான வாசல்கள். அந்த வாசல்வரை வராமலே வெளியேறுபவர்களைப் பற்றியே என் கவலை.

திருப்பூரின் நிறுவனங்கள் கோப்பைகளுக்கும் பரிசுத் தொகைக்கும் தாராளமாக நன்கொடை அளிக்கின்றன. ஒரு நாள் போட்டிக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சிக்கும், ஒரு வேளைச் சத்துணவுக்கும், இரவில் பெண் பிள்ளைகளை வீடு சேர்க்கும் வண்டிக்கும் ஒதுக்கலாம். தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி வேன்கள் இந்த ஊரில் எத்தனையோ ஓடுகின்றன. பள்ளி மைதானங்களை மாலை நேரத்தில் பொறுப்பானவர்களிடம் திறந்துவிடலாம். வேலைக்குச் சென்றுவிட்ட இளைஞர்களுக்காக ஷிப்ட் முடியும் நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் கொண்டு பயிற்சியை வகுக்கலாம். போட்டி நாளில் ஊதியத்துடன் விடுப்பு கொடுக்கும் நிறுவனம், தன் தொழிலாளியை இழக்காது. ஓர் அணியைப் பெறும்.

பயிற்சியாளர்களுக்கும் கடமை உண்டு. நன்றாகப் பாடும் ஒருவனை மட்டும் நம்பி மற்ற ஆறு பேரை நிரப்பு ஆள்களாக வைத்திருப்பது எளிது. சிறு கோப்பைகளை அது வென்றும் தரும். அந்த ஒருவன் வெளியேறியதும், அவனை மீட்கத் தெரிந்தவர் எவரும் அணியில் இருக்கமாட்டார். நானும் அந்தத் தவற்றைச் சில ஆண்டுகள் செய்தவன்தான். உழைத்தால் முன்னேறலாம் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே சொன்னேன். யாரோடு உழைப்பது, யாருக்காக உழைப்பது என்று சொல்லத் தவறினேன்.

சங்கிலியை விட்டுப்போன அந்தப் பையன் இப்போது ஒரு பவர் டேபிளில் பேட்லாக் கற்றுக்கொள்கிறான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் களத்துக்கு வந்து கோட்டுக்கு வெளியே அமர்கிறான். அவன் சோம்பியவன் அல்லன். வாரத்தில் ஆறு நாள்கள் அவன் உழைப்பதுபோல் எங்கள் அணியில் எவரும் உழைப்பதில்லை. அவன் மீண்டும் உள்ளே வர அவனுடைய உழைப்பு மட்டும் போதாது. உள்ளே இருக்கும் நாம் எழுந்து சென்று ஒரு புள்ளி எடுத்துவர வேண்டும்.